அப்பா வாங்கிய கார். தரையைத் தொட்ட பிரேக்! அசலும் போகக் கூடாது, உயிரும் போகக் கூடாது

(நமது நிருபர்)

மேற்கு மாம்பலத்தில் இருந்து தியாகராய நகருக்குப் போகிறவர்களுக்கு துரைசாமி சுரங்கப்பாதையைத் தெரியாமல் இருக்காது. இந்தப் பக்கம் இறக்கம். அந்தப் பக்கம் ஏற்றம். நடுவில் தலைக்கு மேலே ரெயில் ஓடும். காலை 8 மணிக்கு அங்கே போய் நின்றால் தெரியும், எள் போட்டால் எள் விழாது!

அந்த இறக்கத்தில்தான் ஒருநாள் காலை ஒரு பழைய கார் இறங்கி வந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1969-ல் வாங்கிய வண்டி. ஓட்டி வந்தவருக்கு வயது 66. பாங்கி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

முன்னால் ஒரு ஆட்டோ. அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பின்பக்கக் கம்பியில் புத்தகப் பைகள் தொங்கிக் கொண்டிருந்தன. ஆட்டோ திடீரென்று நின்றது. இவர் பிரேக்கை மிதித்தார்.

பெடல் வழுக்கிக்கொண்டு கீழே போய் தரையைத் தொட்டது. கார் நிற்கவில்லை!

மறுபடியும் மிதித்தார். மறுபடியும் தரை. அந்த நொடியில் அவர் கை, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தது. கிறீச் என்று சத்தம். வண்டி கோணலாகத் திரும்பி நின்றது. ஆட்டோவுக்கும் காருக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி!

பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பெண் குழந்தை திரும்பிப் பார்த்து, "பழைய கார் டோய்!" என்று சிரித்ததாம்.

"அந்தச் சிரிப்பை நெனச்சா இன்னிக்கும் எனக்கு கை நடுங்குது சார். என் பேரைப் போடாதீங்க. தப்பு என்மேலதான்" என்றார் அவர்.

அதன் பிறகு அந்தக் காருக்கு பிரேக் வேலை செய்த கதைதான் இது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் அல்ல, ஸ்கூட்டர், கார் என்று எதை ஓட்டுகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இதில் இருக்கிறது.

நம் ஊரில் பிறந்த கார்

ஹெரால்டு கார் சென்னைக்குச் சொந்தக்காரப் பிள்ளை. இங்கிலாந்தில் 1959-ல் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் வந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர், மிக்கெலோட்டி. 1961 முதல் அதையே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று நம் வண்டலூர் பக்கத்துத் தொழிற்சாலையில் செய்தார்கள். முதலில் இரண்டு கதவு. 1968-ல் நான்கு கதவு வந்தது. பானெட்டை முன்பக்கமாக அப்படியே கவிழ்த்துத் திறக்கலாம். குறுகலான சந்தில்கூட ஒரே வளைப்பில் திரும்பிவிடும்.

அம்பாசடர் 2014 வரைக்கும் ஓடி வந்தது. அதனால் அதற்கு உதிரிபாகம் கிடைப்பதில் இன்னும் பெரிய கஷ்டம் இல்லை. ஹெரால்டு அப்படி அல்ல. 1970-களிலேயே நின்று போனது. தொழிற்சாலையும் 1980-களின் கடைசியில் கார் செய்வதை நிறுத்திவிட்டது. ஒரு சாமான் போனால் போனதுதான். தேடி அலைய வேண்டும்.

மூன்று பேர், மூன்று யோசனை

காரை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார் ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள்.

மகன் சொன்னது:– "அப்பா, காயலான் கடைக்குப் போட்ருங்க. உயிரைவிட கார் பெரிசா?"

தெருமுனைப் பட்டறைக்காரர் சொன்னது:– "இந்த பிரேக்கே வேணாம் சார். சின்ன கார் ஒண்ணோட டிஸ்க் பிரேக்கை எடுத்து மாட்டிடலாம். கொஞ்சம் வெட்டணும், கொஞ்சம் வெல்டிங் வைக்கணும். அவ்ளோதான்."

பழைய கார் பிரியர் ஒருவர் சொன்னது:– "எதையும் மாத்தாதீங்க! ஒரு ஸ்குரூ மாறினாலும் வண்டியோட மதிப்பு போச்சு. துடைச்சு அப்படியே மாட்டுங்க."

மூன்றையும் கேட்டு அவருக்குத் தலை சுற்றியது. விற்க மனம் வரவில்லை. அவருடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து, சீட்டுப் போட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய கார் அது. அந்தக் காரில்தான் தங்கைக்கு மாப்பிள்ளை அழைப்பு நடந்தது. அப்பாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான்.

வெட்டி ஒட்டவும் மனம் இல்லை. துடைத்து அப்படியே மாட்டவோ துணிச்சல் இல்லை. அந்தப் பெண் குழந்தையின் சிரிப்பு கண் முன்னால் நின்றது.

கடைசியில் புதுப்பேட்டைக்குப் போனார்.

"சாகற சாமான், வாழற சாமான்"

புதுப்பேட்டையைப் பற்றி நகரவாசிகளுக்குச் சொல்லத் தேவை இல்லை. ஒரு காரை உள்ளே விட்டால் அந்தப் பக்கம் ஆயிரம் துண்டாக வெளியே வரும் என்பார்கள். ஆனால் ஆயிரம் துண்டை ஒரு காராகச் சேர்க்கத் தெரிந்த கைகளும் அங்கேதான் இருக்கின்றன.

அப்படி ஒரு கை, 70 வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக்குடையது. எல்லோருக்கும் அவர் 'பாய்'தான். அவர் மாம்பலத்துக்கு வந்து, வண்டியைக் கட்டை கொடுத்துத் தூக்கி, நான்கு சக்கரத்தையும் கழற்றினார். கழற்றும்போதே கேட்டார்.

"சார், ரெண்டு மாசமா பின்சக்கரத்துல உள்பக்கம் ஈரமா இருந்துச்சா?"

"ஆமா பாய். மழைத் தண்ணின்னு நெனச்சேன்."

"ஷெட்டுல சொட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு. இஞ்சின் ஆயில்னு நெனச்சேன்."

"பிரேக் ஆயில் டப்பாவைத் தொறந்து பாத்தீங்களா?"

பதில் இல்லை.

பின்பக்க இடது சக்கரத்தின் உள்ளே இருந்த வீல் சிலிண்டர் ஒழுகி இருந்தது. அதில் இருந்த ரப்பர் கப் பிய்ந்து போயிருந்தது. சிறுகச் சிறுகக் கசிந்து, டப்பாவில் இருந்த பிரேக் ஆயில் முழுவதும் காலி! ஒழுகிய ஆயில் அந்தச் சக்கரத்தின் லைனரை நனைத்துவிட்டது. அதனால் ஹேண்ட் பிரேக்கும் அரைகுறையாகத்தான் பிடித்தது. வண்டி கோணலாக நின்றதற்குக் காரணம் அதுதான்.

ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் ஏன் போக வேண்டும்? இங்கேதான் பழைய வண்டியின் ரகசியம் இருக்கிறது.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. அதனால் அந்த அழுத்தம் குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி போகிறது. வீல் சிலிண்டர் விரிந்து, பிரேக் ஷூவை டிரம்மின் உள்சுவரில் அழுத்துகிறது. வண்டி நிற்கிறது. இந்தக் காலத்துக் கார்களில் இந்த வழி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்று போனாலும் ஒன்று நிறுத்தும். அந்தக் காலத்து ஹெரால்டில் ஒரே வழி. ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் குடமே காலி! ஹேண்ட் பிரேக் மட்டும் கம்பி இழுத்து வேலை செய்வது. அதற்கு ஆயில் வேண்டாம். அன்று அவர் உயிரையும் மானத்தையும் காப்பாற்றியது அந்தக் கம்பிதான்.

இனி பாய் சொன்னதைக் கேளுங்கள்:–

"சார், வண்டியில ரெண்டு சாதி சாமான் இருக்கு. சாகற சாமான், வாழற சாமான். ரப்பரு, ஆயிலு, லைனரு, ஹோஸு இதெல்லாம் சாகறதுக்குன்னே பொறந்தது. கம்பெனிக்காரனே மாத்தச் சொல்லித்தான் புஸ்தகம் போட்டிருக்கான். சிலிண்டரு, ஷூவோட இரும்பு, டிரம்மு, பின்னாடி தட்டு இதெல்லாம் வாழற சாமான். இதுலதான் கம்பெனி முத்திரை இருக்கு. இதைக் காப்பாத்தினா அசல் காப்பாத்தின மாதிரி. செத்ததைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதா, வாழறதும் போயிடும்!"

பெரிய பெரிய கார் நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற விஷயத்தை மனிதர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார்.

சிலிண்டருக்குள் சட்டை!

முதலில் வீல் சிலிண்டர். அதன் உள்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டும். இதில் அம்மைத் தழும்பு மாதிரி துரு தின்ற குழிகள். அதன் மேல் ஓடி ஓடித்தான் ரப்பர் கப் பிய்ந்தது. வெறும் கப்பை மட்டும் மாற்றினால்? புதுக் கப்பும் சீக்கிரமே பிய்ந்து போகும்.

துரு எங்கிருந்து வந்தது? சாதாரண பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உப்பு மாதிரி உறிஞ்சும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? ஈரம் ஏறிய ஆயில், சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கிறது. அதோடு முடிந்ததா? கொதிநிலையும் இறங்கிப் போகிறது. 'டாட் 3' என்ற ரகம் புதிதாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரிதான் கணக்கு. 'டாட் 4' என்றால் 230, ஈரம் ஏறினால் 155. தொடர்ந்து பிரேக் பிடித்து சூடு ஏறும்போது ஆயில் கொதித்தால் ஆவி கிளம்பும். ஆவியை அமுக்கினால் சுருங்கும். பெடல் பஞ்சு மாதிரி கீழே போய்விடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை முழுக்க மாற்றுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். ஓடாமல் நிற்கிற வண்டிக்கும் இது பொருந்தும். கிலோ மீட்டர் கணக்கு இதற்குக் கிடையாது.

சரி, குழி விழுந்த சிலிண்டரை என்ன செய்வது? தூக்கிப் போட்டுவிட்டு, கிடைக்கிற வேறு வண்டிச் சிலிண்டரை மாட்டலாம். ஆனால் பாய் அதைச் செய்யவில்லை. லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார். உள்சுவரைக் கொஞ்சம் கடைந்து எடுத்து, துருப்பிடிக்காத எஃகில் ஒரு மெல்லிய குழாயை இறுக்கி அடித்து, பழைய அளவுக்கே மெருகு ஏற்றினார்கள். இதைத்தான் 'ஸ்லீவ் போடறது' என்பார்கள். சிலர் பித்தளையிலும் போடுவார்கள்.

வெளியே பார்த்தால் அதே பழைய வார்ப்பு, அதே முத்திரை. உள்ளே மட்டும் புதுச் சட்டை. அசலும் போகவில்லை, பாதுகாப்பும் குறையவில்லை!

ஆனால் லேத்காரருக்குக் கணக்குத் தெரிய வேண்டும். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகள் எல்லாம் அங்குலக் கணக்கு. அளவு ஒரு இழை தவறினாலும் கப் ஒன்று ஒழுகும், இல்லை சிக்கிக்கொள்ளும். குழாய்த் திருகாணிகளின் மரையும் அப்படித்தான். இன்றைக்குக் கடையில் கிடைப்பது மில்லிமீட்டர் மரை. இரண்டும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும். பலவந்தமாகத் திருகினால் ஏறுகிற மாதிரி ஏறி, மிதிக்கிற அன்றைக்குக் கைவிடும்.

மாஸ்டர் சிலிண்டரின் உள்சுவர் நன்றாக இருந்தது. அதற்கு ரப்பர் கிட் மட்டும் போதும். ஹெரால்டின் உடன்பிறப்பு இங்கிலாந்தில் இருப்பதால், அந்த ஊரில் இன்றைக்கும் கிட் செய்து விற்கிறார்கள். வரவழைத்தார்கள்.

தொண்டை அடைத்த ஹோஸ்

அடுத்து, சக்கரத்துக்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கிற ரப்பர் ஹோஸ். வெளியே பார்த்தால் வெடிப்பு இல்லை, கீறல் இல்லை.

"இது நல்லாத்தானே இருக்கு பாய்? அப்பா காலத்துது. வெச்சுக்கலாமே?" என்றார் குமாஸ்தா.

பாய் பேசவில்லை. கத்தியை எடுத்தார். ஹோஸை நீளவாக்கில் பிளந்து காட்டினார். உள்ளே ரப்பர் உப்பி, ஆயில் போகிற துவாரம் நூல் அளவுக்குச் சுருங்கி இருந்தது!

இந்த மாதிரி ஹோஸ் ஒரு வினோதம் செய்யும். மிதிக்கும்போது ஆயில் போகும். காலை எடுத்தால் திரும்பி வராது. பிரேக் பிடித்தபடியே வண்டி இழுத்துக்கொண்டு ஓடும். சக்கரம் சூடேறும். டிரைவருக்கு 'பிக்கப் இல்லை' என்று மட்டும்தான் தெரியும்.

"ஹோஸுல பாசம் காட்டக் கூடாது சார். வயசானா மாத்து, அவ்ளோதான்" என்றார் பாய்.

எஃகுக் குழாய்களும் கிளிப் பிடிக்கிற இடங்களில் துருப்பிடித்து இளைத்துப் போயிருந்தன. செம்பும் நிக்கலும் கலந்த குழாய் வாங்கினார்கள். அது துருப்பிடிக்காது. பழைய குழாயைப் பக்கத்தில் வைத்து அதே வளைவு, அதே பாதை, அதே கிளிப். நிறம் மட்டும் கொஞ்சம் செம்பு மாதிரி இருக்கும். கீழே படுத்துப் பார்க்கிறவனுக்குத்தான் அது தெரியும்.

டேஷ்போர்டில் இருந்த டைரி

லைனர் மாற்றுகிற கட்டம் வந்தபோது குமாஸ்தாவுக்கு மறுபடியும் மனசு கேட்கவில்லை. "அப்பா போட்ட லைனர் பாய்..." என்று இழுத்தார்.

அப்போதுதான் டேஷ்போர்டு அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த பேத்தி ஒரு பழைய டைரியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாத்தாவின் அப்பா எழுதியது. பெட்ரோல் கணக்கு, டயர் கணக்கு எல்லாம் வரிசையாக இருந்தது. நடுநடுவே இப்படி:–

'1973. பின் லைனர் மாற்றியது.'

'1977. நாலு சக்கரமும் லைனர். சிலிண்டர் கிட்.'

'1982. ஹோஸ் புதுசு. பிரேக் ஆயில் புதுசு.'

'1986. லைனர். டிரம் லேத்.'

'1991. பிரேக் ஆயில் மாற்றியது. அடுத்தது 93.'

அதற்குப் பிறகு வெற்றுத் தாள். 1992-ல் பெரியவர் காலமாகிவிட்டார்.

குமாஸ்தா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் லைனர், அப்பாவின் ஹோஸ் என்று இவர் கட்டிக் காத்தாரே, அப்பா அவற்றை ஒரு நாளும் கட்டிக் காக்கவில்லை. நாள் குறித்து, கழற்றி எறிந்து, புதுசு போட்டிருக்கிறார்! 93-ல் செய்ய வேண்டியதைப் பிள்ளைதான் செய்யவில்லை. அவசரத்துக்கு யாராவது ஒரு பட்டறையில் எதையாவது செய்திருப்பார்கள். ஒழுங்காக, கணக்காகச் செய்தது கிடையாது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கழுவி, சந்தனம் பூசி, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது மட்டும் தவறாமல் நடந்தது.

"நான் அப்பாவோட காரை வெச்சுக்கிட்டேன். அப்பாவோட பழக்கத்தை விட்டுட்டேன் சார்" என்று நம்மிடம் சொன்னபோது அவர் குரல் கம்மியது.

லைனர் அடிக்கிற கலை. மூச்சில் இருக்கிற ஆபத்து

பழைய ஷூவின் இரும்பை வைத்துக்கொண்டு, ஆயிலில் ஊறிய லைனரை உரித்து எடுத்தார்கள். ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டுகிறவர்கள் உண்டு. அது தற்கொலைக்குச் சமம். உள்ளே ஊறியது வெளியே வராது. சூடானதும் மறுபடி கசியும்.

புது லைனரை ரிவிட் அடிக்கும்போது நடுவில் ஆரம்பித்து இரண்டு ஓரத்துக்கும் போக வேண்டும். அப்போதுதான் லைனர் இரும்பில் ஒட்டி உட்காரும். ரிவிட் தலை லைனருக்குள் அமுங்கி இருக்க வேண்டும். மேலே துருத்தினால் டிரம்மைக் கோடு கோடாகக் கிழிக்கும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் போடக் கூடாது. இடம், வலம் இரண்டுக்கும் ஒரே ரகம், ஒரே நாளில். இல்லையென்றால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

டிரம்மை லேத்தில் லேசாகக் கடைந்தார்கள். இதுவும் அளவோடுதான். கடையக் கடைய டிரம் மெலியும், சூடு தாங்காது. வெடிப்பு கண்டிருந்தால் யோசிக்காமல் வேறு டிரம் தேட வேண்டும்.

இந்த வேலையில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அது வண்டியில் போகிறவருக்கு அல்ல, வேலை செய்கிறவருக்கு!

பழைய பிரேக் லைனர்களில் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கிற கறுப்புத் தூளை வாயால் ஊதுவது, காற்றுக் குழாயால் அடிப்பது என்பது பட்டறைகளில் சர்வ சாதாரணம். அந்தத் தூள் நுரையீரலில் போய்த் தங்கினால் உடனே ஒன்றும் தெரியாது. இருபது, முப்பது வருஷம் கழித்து மூச்சுத் திணறலாகவோ, புற்றுநோயாகவோ தலைகாட்டும்.

பாய் அந்தத் தூளை ஊதவில்லை. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்டார். முகமூடி அணிந்திருந்தார். உதவிக்கு வந்த பையனுக்கும் அதட்டி மாட்டிவிட்டார். ஏன் என்று கேட்டோம்.

"எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த வாத்தியார் கடைசிக் காலத்துல மூச்சு வாங்கியே போய்ச் சேந்தாரு. எதனாலன்னு எந்த டாக்டரும் சொல்லல. ஆனா தினமும் அவரு டிரம்மு ஊதுனதை நான் கண்ணால பாத்தேன்" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பழைய வண்டிக்காரர்களுக்கு இன்னொரு பயம் உண்டு. சாமானை மாற்றினால் 'விண்டேஜ்' அந்தஸ்து போய்விடுமா?

2021 ஜூலையில் மத்திய அரசு இதற்கென்று விதி கொண்டுவந்தது. முதல் பதிவில் இருந்து 50 வருஷம் தாண்டிய இரு சக்கர வண்டிகளும் கார்களும் விண்டேஜ் வண்டிகள். அசல் உருவில் பராமரித்திருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இஞ்சின் இவற்றைப் பெரிய அளவில் மாற்றி அமைத்திருக்கக் கூடாது. ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிகிற வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு நம்பர். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். 10 வருஷம் செல்லும். மறுபதிவுக்கு 5 ஆயிரம். கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற காரியங்களுக்கு ரோட்டில் ஓட்டலாம். தினசரி ஆபீசுக்குப் போக அல்ல.

ஆக, அந்தப் பட்டியலில் லைனரும் ரப்பரும் இல்லை. ஆனால் டிஸ்க் மாட்டுகிறேன் என்று சேசிஸை வெட்டி வெல்டிங் வைத்தால் அது வேறு கதை. இறங்குவதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இரண்டு வழி மாஸ்டர் சிலிண்டர் மாட்டலாமா என்ற யோசனையும் வந்தது. தினம் ஓட்டுகிற வண்டி என்றால் அதுதான் புத்திசாலித்தனம் என்கிறார் பாய். ஆனால் ஒரு நிபந்தனை. இருக்கிற ஓட்டையில்தான் மாட்ட வேண்டும். புது ஓட்டை போடக் கூடாது. வெட்டக் கூடாது. பழைய சாமானைச் சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைக்க வேண்டும். நாளைக்கு வருகிறவன் நினைத்தால் ஒரே நாளில் பழையபடி மாட்ட முடிய வேண்டும்.

குமாஸ்தா இனி ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும் ஓட்டப் போகிறார். அதனால் ஒரே வழிதான் போதும் என்று முடிவு செய்தார். பதிலுக்கு, வண்டியை எடுக்கும்போதெல்லாம் ஆயில் டப்பாவைத் திறந்து பார்ப்பதாகப் பேத்தியிடம் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். கழற்றிய சாமான்களில் வைக்கத் தகுந்தவை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. லைனர் மட்டும் இல்லை. அதைப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டார்கள்.

மறுபடியும் அதே இறக்கம்

எல்லாம் மாட்டி, புது ஆயில் ஊற்றி, தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக 'ஏர்' எடுத்தார்கள். பேத்தி பெடலை மிதிக்க, பாய் கீழே படுத்துத் திருகாணியைத் திறக்க, குமிழி நிற்கும் வரை விடவில்லை.

உடனே ரோட்டில் இறங்கவும் இல்லை. முதலில் ஒரு காலி மைதானம். மெதுவாக ஓட்டி, மெதுவாகப் பிடித்து, ஆறவிட்டு, மறுபடி பிடித்து. புது லைனர் டிரம்மோடு உறவாட நேரம் வேண்டும். இடம் வலம் இழுக்கிறதா, எங்காவது ஈரம் தெரிகிறதா என்று பார்த்து, மறுநாளும் குனிந்து பார்த்து, அப்புறம்தான் பாய் சாவியைக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பால் பாக்கெட் வண்டி வருகிற நேரத்தில், ஹெரால்டு மறுபடியும் துரைசாமி சுரங்கப்பாதைக்குப் போனது. முன்சீட்டில் பேத்தி. இறக்கத்தின் நடுவில் குமாஸ்தா பிரேக்கை மிதித்தார். கால் பாதி தூரம்கூடப் போகவில்லை. கல் மாதிரி பெடல். வண்டி நேராக நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்த டைரியை எடுத்ததுதான். வெற்றுத் தாளில், அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே எழுதினார்:– 'லைனர், ஹோஸ், குழாய், கிட், ஆயில் எல்லாம் மாற்றியது. அடுத்த ஆயில், இரண்டு வருஷத்தில்.'

அதன் கீழே பேத்தி தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்:– 'மறந்தால் நான் ஞாபகப்படுத்துவேன்.'

வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

● பிரேக் ஆயில் மட்டம் குறைந்தால் ஊற்றி மூடிவிட்டுப் போகாதீர்கள். எங்கே போனது என்று பாருங்கள். ஆயில் தானாக ஆவி ஆகாது. லைனர் தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கோ ஒழுகுகிறது.

● சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் தெரிந்தால் அன்றைக்கே பட்டறைக்குப் போங்கள்.

● இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை முழுக்க மாற்றுங்கள். திறந்து வைத்த பழைய டப்பா ஆயிலை ஊற்றாதீர்கள்.

● 'டாட் 5' என்ற சிலிக்கோன் ஆயிலை மற்ற ரகங்களோடு கலக்கவே கூடாது.

● பிரேக் ரப்பர் சாமான்களைப் பெட்ரோல், மண்ணெண்ணெய், இஞ்சின் ஆயிலில் கழுவினால் உப்பிப் போகும். புது பிரேக் ஆயிலில்தான் கழுவ வேண்டும்.

● பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

● பிரேக் தூளை ஊதாதீர்கள். பட்டறைப் பையன் ஊதினாலும் தடுங்கள்.

● ஹேண்ட் பிரேக் நிறுத்தி வைக்க மட்டும் அல்ல. ஒருநாள் அது ஒன்றுதான் உங்களுக்கும் முன்னால் போகிற பிள்ளைகளுக்கும் நடுவில் இருக்கும். அது பிடிக்கிறதா என்று நாளைக்குக் காலையிலேயே இழுத்துப் பாருங்கள்!